விசையற்ற எழுத்துக்கள்

திருவண்ணாமலைக்கு வரும் யாத்திரிகர்கள் 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்கிக் கைகூப்பிவிட்டு உள்ளே செல்கிறார்கள். கோயிற் சுவர்களில் கண் மட்டத்திலேயே வெட்டப்பட்டிருக்கும் எழுத்துக்களை நின்று பார்ப்போர் மிகச் சிலரே. சோழர், காடவராயர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகர வேந்தர் ஆகியோர் காலத்துச் சாசனங்கள் அங்கே இருக்கின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டிருக்கிறது. இன்னார் இவ்வளவு நிலம் விட்டார், இவ்வளவு நெல் அளந்தார், இத்தனை விளக்கெரிய இத்தனை பசுக்கள் கொடுத்தார் என்பதே பெரும்பாலும் அவற்றின் சாரம். அதாவது, அக்கல்லெழுத்துக்களில் பாதி பக்தி. மற்றப் பாதி கணக்கு.

அக்கோயிலின் மதிலுக்கு வெளியே, மாட வீதிகளை ஒட்டித் தட்டச்சும் நகலும் செய்து கொடுக்கும் சிறு கடைகள் பல உண்டு. சில மாதங்களுக்கு முன் அவற்றுள் ஒன்றில் நாம் காத்திருந்தபோது, முதியவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துப் பத்திரமொன்றைக் கொண்டுவந்து, அதைக் கணினியில் அடித்துத் தரும்படி கேட்டார். கடையிலிருந்த வாலிபர் கெட்டிக்காரர். விரல்கள் மின்னல்போல ஓடின. ஓரிடத்தில் மட்டும் சற்றுத் தயங்கி, பிறகு ‘உவ காணி நன்செய்’ என்று அடித்தார். முதியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அது உவ அல்ல, தம்பி, இரண்டே கால்” என்றார். வாலிபர் திகைத்து விசைப்பலகையைப் பார்த்தார். அந்த இரண்டும் அங்கே இல்லை. அந்தக் காலும் அங்கே இல்லை.

விஷயம் அற்பமென்று எண்ணுவோர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இப்பக்கத்து வழக்கில் நூறு குழி கொண்டது ஒரு காணி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். இரண்டே கால் காணி என்றால் ஏறக்குறைய மூன்று ஏக்கர். மூன்று ஏக்கர் நன்செய், ஒரு வாலிபருடைய குற்றமின்றியே, பொருளற்ற இரண்டு எழுத்துக்களாகிவிட்டது. முதியவர் அருகில் இல்லாதிருந்தால் அப்படியே அச்சாகி, அப்படியே கோப்பிலும் ஏறியிருக்கும்.

தமிழ் எண்களுள் பல எழுத்துக்களின் சாயலிலேயே அமைந்தவை. ஒன்று ‘க’ போலவும், இரண்டு ‘உ’ போலவும், ஏழு ‘எ’ போலவும், எட்டு ‘அ’ போலவும், பத்து ‘ய’ போலவும் இருக்கும். பின்னங்களில் கால் என்பது ‘வ’ போலவும், இருபதில் ஒரு பங்காகிய மா என்பது ‘ப’ போலவும் இருக்கும். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாட்டில், எட்டையும் காலையும் சேர்த்து ‘அவ’ என்று வைத்துக் கம்பரைச் சாடிய நயத்தை நேயர்கள் அறிவார்கள். மனிதன் இடம் நோக்கி எண்ணையும் எழுத்தையும் பிரித்தறிகிறான். அதனாலேயே அந்தச் சிலேடை இனிக்கிறது. கணினிக்குச் சிலேடை தெரியாது. அதற்கு உருவம் பொருட்டல்ல; ஒவ்வோர் எழுத்துக்கும் இடப்பட்ட இலக்கமே பொருட்டு. எண் ஒன்றுக்கு ஓர் இலக்கம், எழுத்துக் ‘க’வுக்கு வேறோர் இலக்கம். ஒன்றனிடத்தில் மற்றொன்றை அடித்துவிட்டால், கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றினும், தேடினால் அகப்படாது, கூட்டினால் கூடாது.

இக்குறிகள் எப்படி நம் கையை விட்டுப் போயின? தமிழ் ஜனங்கள் கூடி ஆலோசித்து, இவை வேண்டாமென்று தீர்மானம் செய்ததால் அல்ல. கல்தச்சன் உளிக்கு எல்லாக் குறியும் ஒன்றே. ஓலையில் எழுதிய கணக்கப்பிள்ளையின் எழுத்தாணிக்கும் அப்படியே. ஈய எழுத்துக்கள் வந்த பிறகும், அச்சுக் கோப்போர் தம் பெட்டியில் ௵ என்ற வருஷக் குறிக்கும், ௴ என்ற மாதக் குறிக்கும், ௳ என்ற தேதிக் குறிக்கும் அறை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் தேதிகள் அவ்வாறே அச்சாயின. பிறகு தட்டச்சு யந்திரம் வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலேயா நாட்டில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், நாற்பத்துச் சொச்சம் விசைகளில் 247 எழுத்துக்களையும் அடக்கிய சாமர்த்தியத்தைத் தமிழுலகம் என்றும் மறக்கலாகாது. ஆயின் அச்சிறிய பலகையில் எழுத்துக்கே இடம் நெருக்கடி; பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் இடம் ஏது? காரியாலயங்களில் யந்திரம் பரவப் பரவ, யந்திரத்தில் இல்லாதவை வழக்கிலும் இல்லாமற் போயின. பள்ளியில் எண்சுவடி போயிற்று. பத்திரத்தில் குறிகள் போயின. அவற்றைப் படிக்கும் கண்களும் ஒவ்வொன்றாக மூடின.

விசை உள்ளது பிழைக்கும், விசை இல்லாதது மடியும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று சொல்வோம். மின்னஞ்சல் முகவரிகளின் நடுவே சுழித்து நிற்கும் ‘அட்’ என்னும் குறி, முன்பு ஐரோப்பிய வியாபாரிகள் ‘இன்ன விலை வீதம்’ என்று கணக்கில் எழுதிவந்த சாமானியக் குறி. ஆங்கிலத் தட்டச்சு யந்திரத்தில் வியாபாரிகளின் பொருட்டு அதற்கு ஒரு மூலையில் இடம் கிடைத்தது. 1971ஆம் வருஷம் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப முயன்றபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேடினார். விசைப்பலகையில் இருந்தும் அதிகம் வழங்காத குறி அதுவே, அதையே எடுத்துக்கொண்டார். இன்று அது இல்லாமல் உலகில் கடிதமே இல்லை. நம்முடைய கணக்கப்பிள்ளைகளிடமும் பற்றுக்கு ஒரு குறி, வரவுக்கு ஒரு குறி, ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்ற குறி எல்லாம் இருந்தன. அவை ‘அட்’ குறிக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல. அதற்கு ஒரு விசை கிடைத்தது, இவற்றுக்குக் கிடைக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே.

நிற்க. கணினி யுகத்தில் நிலைமை என்ன? உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் இலக்கமிட்டு ஒரே பதிவேட்டில் சேர்க்கும் ‘யூனிகோடு’ என்ற ஏற்பாடு 1991ஆம் வருஷம் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள தமிழ் எண்களும் பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றின் குறிகளும் அப்பொழுதே இடம் பெற்றன. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்னும் எட்டுக் குறிகள் 2003இல் வந்தன. பூஜ்யம் 2005இலும், ௐ என்னும் பிரணவ வடிவம் 2008இலும் சேர்ந்தன. பின்னங்களும் அளவைகளுமோ 2019 மார்ச்சு வரை காத்திருந்தன. அவ்வாண்டுதான் ஸ்ரீரமண சர்மா என்னும் தமிழ்நாட்டு அறிஞர் எழுதிச் சமர்ப்பித்த விண்ணப்பங்களின் பயனாக 51 குறிகள் கொண்ட ‘தமிழ் இணைப்பு’ என்னும் புதிய பகுதி பதிவேட்டில் ஏறிற்று. 320இல் ஒரு பங்காகிய முந்திரி, 80இல் ஒரு பங்காகிய காணி, மா, வீசம், கால், அரை, முக்கால். உழக்கு, குறுணி, பதக்கு. காசு, பணம், பொன், வராகன். குழி, வேலி, நன்செய், புன்செய். ‘முதலிய’, ‘வகையறா’ என்பவற்றின் சுருக்கங்கள் உள்பட, நம் முன்னோர் கணக்கின் பெரும்பகுதி அங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே சட்டத்தில் உரிமை கிடைத்துவிட்டது. அனுபவத்தில்? தமிழ் விசைப்பலகைகள் சிலவற்றில் எண்கள் மட்டும் இரண்டாவது அடுக்கில் ஒளிந்திருக்கின்றன. பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் மாட வீதிக் கடைகளில் உள்ள பலகைகளில் வழியே இல்லை. 1999இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய ‘தமிழ் 99’ அமைப்பு மிகச் சிறந்த ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டு தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். ‘ஷிப்ட்’ விசையோடு சேர்த்து ஸ, ஷ, ஜ, ஹ முதலியவற்றையும் பெறலாம். முந்திரியையும் மாவையும் பற்றி அந்த அமைப்பு நினைக்கவில்லை. அன்று அவற்றுக்கு இலக்கமே இல்லாதபோது நினைத்திருக்கவும் முடியாது. இலக்கம் கிடைத்த பின்னும் நினையாமலிருப்பதுதான் குறை.

இப்பொழுது ஒருவர் இக்குறிகளை எழுத விரும்பினால் செய்ய வேண்டுவது யாது? இலக்கத்தை நேரே கொடுத்து எழுத்தை அழைக்க வேண்டும். கணினியின் இலக்கங்கள் பத்தின் அடுக்கில் அன்றிப் பதினாறின் அடுக்கில் எழுதப்படுகின்றன. ரூபாய்க்குப் பதினாறு அணா எண்ணிய நாட்டாருக்கு இது பயப்படத்தக்கதன்று. ஒன்பதுக்கு மேல் பத்து முதல் பதினைந்து வரைக்கும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துக்களே எண்களாக நிற்கும். வருஷக் குறியின் இலக்கம் பூஜ்யம், ‘பி’, ‘எஃப்’, ஐந்து. விண்டோஸ் கணினியில் ‘வேர்டு’ என்னும் எழுதுபொறியைத் திறந்து, அந்நான்கையும் அடித்து, உடனே ‘ஆல்ட்’ விசையையும் ‘எக்ஸ்’ விசையையும் ஒருசேர அழுத்தினால், நான்கும் மறைந்து ௵ தோன்றும். கடைசி ஐந்துக்குப் பதில் நான்கு இட்டால் மாதம்; மூன்று இட்டால் நாள்; எட்டு இட்டால் மேற்படி. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ‘கண்ட்ரோல்’, ‘ஷிப்ட்’, ‘யு’ மூன்றையும் சேர்த்தழுத்திய பின் இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். பின்னக் குறிகளுக்கு இலக்கம் ஐந்து தானம் உடையது, முறை அதுவே.

ஆனால் இலக்கம் மட்டும் போதாது; அதற்குரிய உருவத்தைத் தாங்கிய எழுத்துருவும் கணினியில் இருக்க வேண்டும். இல்லையேல் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டமொன்று நிற்கும். ‘நோட்டோ’ எழுத்துருக்களின் வரிசையில் இப்புதிய பகுதிக்கென்றே தனி எழுத்துரு உண்டு, இலவசமாகவும் கிடைக்கிறது. இருந்தும், அனுப்புகிறவரிடம் உருவம் இருந்து பெறுகிறவரிடம் இல்லாவிட்டால், அங்கே போய்ச் சேர்வது கட்டமே. அவ்வச்சத்தினாலேயே இக்கட்டுரையில் கால் என்பதற்கு நாமும் ‘வ’ என்னும் எழுத்தையே காட்டினோம். கடைக்கார வாலிபரின் பிழையில் நமக்கும் பங்கு உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இதனினும் நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. அது தினந்தோறும் நம் கண்ணெதிரே நடக்கிறது. திருவண்ணாமலையில் ‘ஸ்ரீ’ என்று தொடங்காத பத்திரிகையோ, பெயர்ப்பலகையோ, அழைப்பிதழோ அபூர்வம். அந்த ஸ்ரீயைக் கணினியில் இரண்டு விதமாக அமைக்கலாம். ஸ என்ற எழுத்தின் மெய்யோடு ரீயைச் சேர்ப்பது ஒன்று. 2005இல் பதிவேட்டில் சேர்ந்த ஶ என்ற எழுத்தின் மெய்யோடு ரீயைச் சேர்ப்பது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். கண்ணால் வேற்றுமை காண இயலாது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒரு நூலகத்தின் பட்டியலில் ஒரு விதமாக ஏறிய புத்தகத்தை மற்றொரு விதமாக அடித்துத் தேடினால், ‘இல்லை’ என்ற பதில் வரக்கூடும். ஔவையாரின் முதலெழுத்துக்கும் இதே கதி. ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்போர் ஆயிரக்கணக்கானோர். அப்படி அடித்த ஔவையாரைத் தேடுகிறவர்களுக்கு அப்பெருமூதாட்டி அகப்படமாட்டார். எழுத்தின் சுத்தம் என்பது பண்டிதரின் பிடிவாதம் அன்று. இக்காலத்தில் அது பொருளைக் கண்டெடுக்கும் திறவுகோல்.

சாசனங்களுக்கு வருவோம். அவற்றுள் மிகுதியானவை ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லோடு தொடங்குகின்றன. அச்சொல் கிரந்த எழுத்தில் இருக்கும், தொடர்ந்து வரும் செய்தி தமிழெழுத்தில் இருக்கும். கிரந்தத்துக்குத் தனி இடம் கொடுக்கும் யோசனை 2010இல் எழுந்தபோது, தமிழுக்கேயுரிய எழுத்துக்கள் சிலவற்றை அப்பகுதிக்குள் சேர்ப்பது பற்றியும், கிரந்த எழுத்துக்களைத் தமிழின் நீட்சியாகக் காட்டுவது பற்றியும் தமிழ்நாட்டில் பலத்த ஆட்சேபம் கிளம்பிற்று. தமிழ்நாட்டு அரசும் தலையிட்டு, அவசரப்பட வேண்டாமென்று வற்புறுத்திற்று. முடிவில் 2014இல் கிரந்தம் தனிப் பகுதியாகவே ஏறிற்று; எகர ஒகரக் குறில்களும் ழ, ற, ன என்ற எழுத்துக்களும் அதில் சேரவில்லை. அவ்விவாதத்தில் எக்கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நம் நோக்கமன்று. தமிழர் வாய் திறந்து பேசினால் உலகப் பதிவேட்டிலும் அவர் பேச்சு ஏறும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அரசாங்கம் மனம் வைத்தால் எவ்வளவு விரைவில் காரியம் நடக்கும் என்பதற்கும் அதே 2010ஆம் வருஷமே சாட்சி. தமிழ்நாட்டு வாலிபராகிய உதயகுமார் வரைந்த ₹ என்னும் ரூபாய்க் குறியை மத்திய மந்திரிசபை ஜூலை 15ந் தேதி அங்கீகரித்தது. அக்டோபரில் அது யூனிகோடு பதிவேட்டில் ஏறிவிட்டது. சில காலத்துக்குள் வலது ‘ஆல்ட்’ விசையோடு நான்காம் எண்ணை அழுத்தினால் அது தோன்றும்படி இந்திய விசைப்பலகைகளும் திருத்தப்பட்டன. பிறந்த புதிய குறிக்கு மூன்றே மாதங்களில் இலக்கம், பின்னாலேயே விசை. பல நூற்றாண்டு வாழ்ந்த பழைய குறிகளுக்கோ 2019இல் இலக்கம். விசை இன்னும் இல்லை. புதிய குழந்தைக்குத் தொட்டில் கட்டியதில் நமக்கு மகிழ்ச்சியே. வீட்டுப் பெரியவருக்குத் திண்ணையிலாவது இடம் வேண்டாமா என்பதே நம் கேள்வி.

‘உலகமெங்கும் 1, 2, 3 என்று எழுதும் காலத்தில் முந்திரியும் மாகாணியும் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. சந்தைக் கணக்கை நாளை முதல் மாவிலும் காணியிலும் எழுதுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பழைய பத்திரத்தைப் பழையபடியே பெயர்த்தெழுத வழி வேண்டும் என்றே சொல்கிறோம். கல்லிலோ ஓலையிலோ உள்ள குறியை உள்ளவாறே கணினியில் ஏற்றினால், அதன் பொருளைப் பற்றிப் பின்னொரு காலத்தில் ஐயம் நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம். குறியைக் கைவிட்டு, ஏற்றுகிறவர் தாம் ஊகித்த எண்ணை மட்டும் ஏற்றினால், அவர் செய்த பிழை மூலத்தின் இடத்தில் உட்கார்ந்துவிடும். கோயில் நிலங்களைப் பற்றியும் ஏழைக் குடிகளின் பாத்தியதையைப் பற்றியும் வழக்குகள் ஓயாத நாட்டில் இது வெறும் புலமை விவகாரம் அன்று, சோற்று விவகாரம்.

செய்ய வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. தமிழ் விசைப்பலகைகளில் மூன்றாவது அடுக்கு ஒன்று அமைத்து, எண்களையும் பின்னங்களையும் அளவைக் குறிகளையும் ஒழுங்குபட வைக்கலாம். எழுத்து விசைகள் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஸ்தாபனம் அதற்குத் தரம் வகுத்து வெளியிட்டால், மென்பொருள் செய்வோர் பின்பற்றுவர். கல்வெட்டு, பத்திரப் பதிவு, அறநிலையம் ஆகிய இலாகாக்களின் கணினிகளில் உரிய எழுத்துருக்களை இட்டுவைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், இக்குறிகளைப் படிக்கக் கற்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, எழுத்தைக் கொண்டு எண்ணுக்கு வேஷம் போடும் வழக்கத்தை நாம் ஒவ்வொருவரும் விட்டுவிடலாம்; அதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை.

அன்று அக்கடையில் முதியவரும் வாலிபரும் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். குறி இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு அச்செடுத்து, அவ்விடத்தில் முதியவர் தம் பேனாவினாலேயே இரண்டே காலை எழுதினார். கை நடுங்கிற்று, ஆயினும் குறி பிழையின்றி வந்தது. வாலிபர் அதைக் கவனித்துப் பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் தாமும் எழுதிப் பழகினார். கற்க மனம் இருக்கிறது. கற்பிக்க மூத்தோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்பொழுதே விசையைச் செய்து முடிப்பது நம் கடன்.